ஜெசிந்தா அணைக்காமல் வைத்திருந்த கணினி

ஜெசிந்தா இறந்துபோன செய்தி எனக்கு வந்தபோது அவரை அடக்கம் செய்தே முடித்திருந்தார்கள். காலை நேரம். என் எம்பிராய்டரி மிஷினில் குழந்தைச் சட்டைகளின் நெஞ்சுப் பக்கத்தில் யானைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன், அவருடைய அண்ணன் மகன் அந்தோணி விடாமல் கூப்பிட்டிருந்தான். "அத்தை நேத்து தவறிட்டாங்க மாமா. சாயங்காலமே எடுத்துட்டோம். உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு ஆளாளுக்கு நெனச்சிட்டு இருந்துட்டோம்" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேலாவது வந்துதானே ஆக வேண்டும். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் மிஷினை நிறுத்தினேன். நூல் அறுந்துவிட்டதா என்று பார்க்க ஆபரேட்டர் ஓடிவந்தான். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டேன்.

திருப்பூரில் உள்ள கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் தங்கள் இணையப் பக்கத்துக்காக அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. வீரபாண்டியில் எம்பிராய்டரிப் பட்டறை வைத்திருப்பவன். நாக்கில் சனி உள்ளவன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் என் பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறையில்தான் அவர் பல வருடம் இருந்தார். ஆகவே வேறு யாரிடம் கேட்பார்கள்? இதைப் படிக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் குரலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். "வணக்கம், ஜெசிந்தா பேசுதேன், இன்னைக்கு நம்ம பனியன் துணியில எழுத்து எப்படிப் போடுததுன்னு பாப்போம்" என்று தொடங்கும் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்து, பிறகு அதே கம்பெனியின் டிசைன் அறைக்கு மாறினார். ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று தையலாக மாற்றும் வேலை. எங்கள் தொழிலில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர். அதில் கைதேர்ந்த பிறகு தனியாகத் தொழில் செய்ய என் மாடி அறையைக் கேட்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, இங்க கரண்டு எப்படி? அடிக்கடி போவுமா?"

"ஏனுங்க அம்மணி, வாடகையைக் கேக்காம கரண்டைக் கேக்கறீங்க?" என்றேன்.

"வாடகையைப் பொறவு பேசிக்கிடலாம். ஒரு கம்ப்யூட்டர் நிக்காம ஓடணும். அதை மட்டும் அமத்த மாட்டேன். சரின்னா சொல்லுங்க."

சரி என்றேன். அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்கு அம்மணி. அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரி ஏன் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை என்று அவரும் கேட்டதில்லை. பதினோரு மணி டீயை மாடிப்படியில் உட்கார்ந்து குடிப்போம். அவர் மேல்படியில், நான் கீழ்ப்படியில். எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்கு எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது.

பஞ்சிங் செய்கிற மென்பொருள்கள் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களின் கைக்கு எட்டாதவை. ஆகவே ஊரில் பாதிப் பேர் திருட்டு நகல்தான் வைத்திருந்தோம். அவர் வேலை பார்த்த கம்பெனியிலும் அதே கதை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் தரப்பு ஆட்கள் கம்பெனியைப் பார்வையிட வரும் நாளில், அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிங் அறையில் துணி ரோல்களுக்கு நடுவில் ஒளித்து வைப்பார்களாம். ஒருமுறை ஒளித்து வைத்த பிறகும் ஓரம் தெரிந்ததால் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி இவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். "கோழி அடைகாத்த மாதிரி உக்காந்திருந்தேன் அண்ணாச்சி. வந்த வெள்ளக்காரம்மா என்னப் பாத்து, உடம்புக்கு முடியலையான்னு கேட்டுட்டுப் போனாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு முகம் மாறிவிடும். "அன்னைக்கு முடிவு பண்ணுனேன். ஒளிச்சு வைக்கத் தேவையில்லாத ஒண்ணுலதான் இனி வேல செய்யணும்."

அப்படித் தேடித்தான் கட்டற்ற மென்பொருளுக்கு வந்தார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்த எம்பிராய்டரி மென்பொருள். ஆனால் அது நம் ஊர் வேலைக்கு அப்படியே பொருந்தாது. பனியன் துணி இழுத்தால் நீளும்; சட்டைத் துணிக்குப் போடுகிற தையலை அதில் போட்டால் சுருங்கிப் போகும். ஒவ்வொரு பனியன் துணிக்கும் என்ன அடர்த்தி, துணி சுருங்காமல் இருக்க அடியில் என்ன பேப்பர் வைப்பது என்று அவரே போட்டுப் போட்டுப் பார்த்து அளவுகளைச் சேர்த்தார். மெனுவைத் தமிழாக்கினார். பாடங்களைத் தம் குரலில் வீடியோவாக எடுத்தார். எல்லாவற்றையும், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸோடு சேர்த்து, ஒரே மூட்டையாகக் கட்டினார். பெரிய மூட்டை. அதை ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டும். சர்வர் வாடகைக்கு எடுக்க வசதி இல்லை. அதனால் டோரண்ட்.

எனக்கு அந்த வார்த்தை தெரிய வந்ததே ஒரு சண்டையில்தான். ஒருநாள் எங்கள் கட்டடத்துக்கு நெட் கொடுப்பவர் பைக்கில் வந்து இறங்கி, "அண்ணா, உங்க மாடியில டோரண்ட் ஓடுதுங்க. புதுப்படம் கிதுப்படம் ஏத்தறாங்களாட்ட இருக்குது. நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா என் கனெக்சனுக்குத்தானுங்க கெட்ட பேரு" என்றார். நான் கடுகாய்ப் பொரிந்துகொண்டு மாடியேறினேன். ஜெசிந்தா நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுல திருட்டுப் படமும் போவும், என் பாடமும் போவும் அண்ணாச்சி. ரோட்டுல திருடனும்தான் நடக்கான். அதுக்காக ரோட்டை வெட்டிப் போடுவாங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தீங்கள்லா?" என்று கேட்டார்.

"வருசா வருசம் நடக்கறனுங்க."

"குண்டடத்துல தண்ணிப் பந்தல் இருந்துச்சுன்னு சொன்னீங்க. குடிச்சிட்டு என்ன செஞ்சீங்க?"

"குடிச்சவங்க பின்னால வர்ற நாலு பேருக்கு மோந்து ஊத்திட்டுத்தானுங்க நடப்போம். பந்தல்காரரு ஒருத்தரே எத்தனை பேருக்கு ஊத்துவாரு?"

"அம்புட்டுதான் இது" என்றார்.

நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். சாதாரண டவுன்லோடு என்றால் எல்லாரும் ஒரே கடை வாசலில் நிற்க வேண்டும்; கடைக்காரர் களைத்துப்போனால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். டோரண்டில் அந்த மூட்டை சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. முதல் துண்டு என்னிடம் வந்ததும் அதை உங்களுக்கு நான் கொடுக்கலாம், உங்களிடம் இருக்கும் வேறு துண்டை எனக்கு நீங்கள் கொடுக்கலாம். கேட்கிறவர்கள் கூடக்கூடக் கொடுக்கிறவர்களும் கூடுவார்கள். முழுதும் வாங்கி முடித்த பிறகு கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டால் அடுத்தவருக்கு நாமும் ஒரு கொடுக்கும் கை. எல்லாரும் அமர்த்திவிட்டால் அந்த மூட்டை உலகத்தில் எங்கேயும் கிடைக்காது.

அங்கேதான் வந்தது வினை. நம் ஊர்ப் பழக்கம் இருக்கிறதே, வேலை முடிந்தால் மெயின் ஸ்விட்சை அமர்த்தி, ஷட்டரை இறக்கி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். மூட்டையை வாங்கினார்கள், மென்பொருளை ஏற்றிக்கொண்டார்கள், இடத்தை அடைக்கிறது என்று மூட்டையை அழித்தார்கள், மெயினை அமர்த்தினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, வேண்டுமென்று செய்யவில்லை. நான் மட்டும் என்ன வாழ்ந்தேன், எனக்கு மாடியிலிருந்து பென்டிரைவில் இறங்கி வந்துவிடும். காலையில் அறையைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது, இப்போது எத்தனை பேர் முழு மூட்டையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எண்ணைத்தான். டீக்கு வரும்போது சொல்வார்: "இன்னைக்கும் ஒத்தையிலதான் அண்ணாச்சி."

ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன். "நீங்கதான் ஓடவிட்டுருக்கறீங்கல்ல, அப்பறம் என்னுங்க? கேக்கறவங்களுக்குக் கிடைக்குதுல்ல?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எப்போதும் இல்லாத கண்டிப்போடு சொன்னார். "நான் அமத்துன பொறவும் அது ஓடணும். அப்பதான் அது பொதுச் சொத்து. அதுவரைக்கும் இது ஜெசிந்தா வீட்டுக் கம்ப்யூட்டர்ல கெடக்குற ஒரு ஃபைல், அம்புட்டுதான்." அவர் ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஒன்றுதான். புகழையோ நன்றியையோ அவர் எதிர்பார்த்து நான் பார்த்ததில்லை. தான் விலகிய பிறகும் அது நிற்குமா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் அவர் அதை அமர்த்திப் பார்ப்பார். பரீட்சை வைப்பது மாதிரி. ஒவ்வொரு முறையும், அவர் திரும்பி வருவதற்குள் யாராவது உங்கள் இணையக் குழுவில் எழுதியிருப்பார்கள்: பாதியில் நிற்கிறது, வரவில்லை. பண்டிகை முடியும் முன்னே பஸ் ஏறி வந்துவிடுவார். அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்துப் பலகாரத்தை என் கையில் திணித்துவிட்டு, மாடியேறி ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

அவர் மனம் விட்டுச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மாதாந்திரப் பராமரிப்புக்காக வீரபாண்டி முழுக்கக் கரண்டை நிறுத்திய நாள். யுபிஎஸ்ஸும் தீர்ந்து அவர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அந்த நேரம் பொங்கலூரில் ஒரு பட்டறையும், குண்டடத்தில் ஒரு பெண்ணும், வேறு எங்கோ இன்னொருவரும் மூட்டையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் முழுதாக இல்லை. ஆனால் ஒருவரிடம் இல்லாத துண்டு இன்னொருவரிடம் இருந்திருக்கிறது. கரண்டு வந்தபோது மூவருமே தங்களுக்குள் மாற்றிக்கொண்டு முழுதாக வாங்கி முடித்திருந்தார்கள். மாடியிலிருந்து ஒரு கூச்சல். என்னமோ ஏதோ என்று ஓடினேன். "நான் இல்லாமயே சாப்பிட்டு எந்திரிச்சிருக்குதுக அண்ணாச்சி!" என்று கையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர். பட்டறை முழுக்கத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்த மூவரும் அமர்த்திவிட்டுப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் பாடம் யார் யாருக்குப் போனது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவன் என் ஆபரேட்டர் பிகாஷ். பீகாரிலிருந்து வந்தபோது அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தே தொழிலையும் படித்தான், தமிழையும் படித்தான். விளைவு என்ன? திருப்பூரில் இருந்துகொண்டு தூத்துக்குடித் தமிழ் பேசுகிற பீகார்க்காரன் ஒருவன் எங்களுக்குக் கிடைத்தான். "முதலாளி, நூலு அறுந்துட்டு. கோத்துட்டு வாரேன்" என்பான். வேலை கொடுக்க வருகிறவர்கள், "தம்பிக்குச் சொந்த ஊரு எதுங்க, தெக்கயா?" என்று கேட்பார்கள். "பீகாரு அண்ணாச்சி" என்று அவன் சொன்னதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெசிந்தாவுக்கு இது பெரிய வேடிக்கை. "எனக்குப் பிள்ளையில்லன்னு யாரு சொன்னா?" என்று ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னார். சிரிப்போடுதான் சொன்னார். நான் அவர் டம்ளரையும் வாங்கிக் கழுவி வைத்தேன்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. ஒரு பெரிய கம்பெனியின் புது சீசன் டிசைன், ஷிப்மெண்ட் போவதற்கு முன்பே கடைவீதியில் தொங்கியது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது. பையர் கோபித்தால் ஆர்டர் போய்விடும். அந்த டிசைனுக்கு எம்பிராய்டரி போட்ட பட்டறையில் ஜெசிந்தாவின் மென்பொருள் இருந்தது. போதாதா? டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தார். "அந்தம்மா மாடியில கம்ப்யூட்டரைத் தொறந்தே வெச்சிருக்குதுங்க. தொறந்து போட்ட ஊட்டுல திருட்டுப் போகாம என்னுங்க பண்ணும்? இவங்க கொடுத்ததைப் போட்டா நம்ம டிசைனெல்லாம் அது வழியா வெளிய போயிருமாமா."

நான் அங்கேயே அவரைப் பிடித்துக் கத்தினேன். திறந்து வைத்தது அவருடைய மூட்டையைத்தான், உம்முடைய பெட்டியை இல்லை என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரமே அவர் மென்பொருளை ஆளாளுக்குக் கழற்றினார்கள். அவருக்கு வந்துகொண்டிருந்த பஞ்சிங் வேலை நின்றது. வழக்கமாக வருகிறவர்கள் என் பட்டறையோடு திரும்பிப் போனார்கள், மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல். எனக்கு ரத்தம் கொதித்தது. "வாங்க அம்மணி, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்" என்றேன். அவர் வரவில்லை. "பயந்துபோயிருக்கவங்ககிட்ட கோவப்பட்டா இன்னுந்தான் பயப்படுவாங்க. விடுங்க அண்ணாச்சி" என்றார்.

அவர் செய்தது இது. டிசைனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று புதிதாக ஒரு பாடம் எடுத்தார். எதைப் பூட்டுவது, பென்டிரைவை யாரிடம் கொடுக்கக் கூடாது, ரிஜெக்ட் ஆன பீஸை என்ன செய்வது என்றெல்லாம். தன் மேல் பழி போட்டவர்களுக்கே ஒரு பாடம். டோரண்டில் ஒரு குணம் உண்டு: கட்டிய மூட்டையைப் பிரித்து நடுவில் ஒன்றைச் சேர்க்க முடியாது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். பழைய மூட்டையை அமர்த்திவிட்டு, அளவுகளைத் திருத்தி, எல்லாப் பாடங்களையும் திரும்ப எடுத்து, புதியதைக் கட்டித் திறந்து வைத்தார். அந்த மூட்டையை வாங்க வந்தவர்கள் மிகக் கொஞ்சம். அந்த டிசைன், தையல் பிசகி ஒதுக்கிய பீஸ்களை யாரோ செகண்ட்ஸ் வியாபாரிக்கு விற்றதில்தான் வெளியே போனது என்று பிறகு ஊருக்கே தெரிந்தது. யாரும் மாடியேறி வந்து அவரிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "அப்படியா" என்றார்.

அதன்பின் நெடுநாள் அவர் அந்தப் புதிய மூட்டையோடு தனியாகவே இருந்தார். பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக வேலை வந்தது. ஆனால் 'ஒத்தையிலதான்' என்று சொல்வதை விட்டுவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருடக் கடைசியில் வயிற்று வலி என்றார். அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பையோடு கீழே இறங்கி வந்தார். அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "கம்ப்யூட்டரை அமத்திட்டேன்" என்றார்.

"சாவிதான் எங்கிட்ட இருக்குதுங்களே அம்மணி. நான் போட்டு வெக்கறனுங்க."

"வேண்டாம் அண்ணாச்சி."

"நீங்க வர்ற வரைக்குமுங்க."

"நீங்க போட்டாலும் நான் போட்ட மாதிரிதான். இந்தத் தடவை பாத்துருவோம்" என்றார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பிகாஷை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

நான் போடவில்லை. சாவி என் மேஜையில் கிடந்தது. பலமுறை எடுத்து எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசும்போது அவர் அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மழை பெய்ததா, எந்தக் கம்பெனி ஆர்டர் ஓடுகிறது, பிகாஷ் ஊருக்குப் போனானா என்றுதான் கேட்டார். கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அவர் போன பிறகு அந்தோணி மினிவேனில் வந்து அறையைக் காலி செய்தான். நல்ல பையன். அறையைக் கூட்டித் துடைத்துத் தந்துவிட்டுப் போனான். நான் அன்று அவனிடம் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. சில நாள் கழித்து உங்களில் சிலர் என்னைத் தேடி வந்தீர்கள். புதிய மூட்டை யாருக்கும் வரவில்லை, அவர் கம்ப்யூட்டரை ஒருமுறை போட்டால் போதும் என்றீர்கள். அந்தோணியைப் போனில் கூப்பிட்டேன்.

"அதை எங்க சர்ச்சுக்கு வார, படிக்கிற ஒரு பிள்ளைக்குக் குடுத்துட்டேன் மாமா. செத்தவங்க சாமானை இல்லாதவங்களுக்குக் குடுக்கது எங்க வீட்டு வழக்கம். உள்ள இருந்ததையெல்லாம் சுத்தமா அழிச்சு, புதுசாப் போட்டுக் குடுத்தேன். அத்தை இருந்தாலும் இதைத்தான செஞ்சிருப்பாங்க?"

"ஆமாப்பா" என்றேன். உண்மையிலேயே அவர் அதைத்தான் செய்திருப்பார். குழுவில் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். மென்பொருளை எழுதியவர்களிடமிருந்து அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்; அது எங்கும் போய்விடவில்லை. பனியன் துணிக்கு அவர் திருத்திய அளவுகளும் கடைசியாக எடுத்த பாடங்களும்தான் முழுதாக யாரிடமும் இல்லை. ஏற்றிக்கொண்டு அழித்துவிட்டோம் என்றார்கள். பென்டிரைவில் எனக்கு வந்ததை நானும்தான் அழித்திருந்தேன்.

மாடிக்கு வாடகைக்கு ஆள் கேட்டு வருகிறார்கள். இப்போதைக்கு இல்லை என்று எரிந்து விழுந்து அனுப்புகிறேன். பதினோரு மணிக்கு டீ வருகிறது. படியில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போய்விடுகிறேன். பேச ஆள் இல்லை என்று இந்த வயதில் யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

என் வாழ்க்கையில் முதன்முறையாக என் பட்டறைக் கம்ப்யூட்டரில் டோரண்ட் போட்டேன். குழுவில் ஒருவர் வந்து ஏற்றிக் கொடுத்தார். இணைப்பைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஏற்றிக் கொடுத்தவர் கிளம்பிவிட்டார். நான் அப்படியே விட்டுவைத்து மிஷினைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது நகர்ந்திருந்தது. யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், என்ன பெயர், தெரியாது. நான் முருகா என்று உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக, மிக மெதுவாக, பாதியைத் தாண்டி வந்தது. பிறகு நின்றது. அந்தப் புண்ணியவானிடமும் முழுதாக இல்லை போலிருக்கிறது. தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு அவரும் என்னோடு காத்திருக்கிறார்.

வந்ததில் சில பாடங்கள் திறக்கின்றன. சில திறக்கவே இல்லை. ஒன்று கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது. பனியன் துணியில் மெல்லிய கோடு போடுவதைப் பற்றிய பாடம் அது. ஜெசிந்தா பேச ஆரம்பிக்கிறார். பின்னால் கீழேயிருந்து என் மிஷின் தடதடவென்று கேட்கிறது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் போய்க் கத்துகிறார்: "அண்ணாச்சி, செத்த நேரம் மிஷினை நிறுத்துங்களேன், பாடம் எடுக்கேன்!" கீழேயிருந்து ஒரு எரிச்சலான குரல்: "சிப்மெண்ட் இருக்குதுங்க அம்மணி! உங்களுக்கு நேரங்காலமே இல்லீங்களா?" அது நான்தான். இப்படியா அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? ஆனாலும் மிஷின் நிற்கிறது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்து உட்காருகிறார். "சத்தம் நின்னுட்டு. நல்ல மனுசன், கத்துவாரு, ஆனா நிறுத்திருவாரு. இப்ப நாம..." என்கிறார். அதோடு படம் நின்றுவிடுகிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான், பாதியைத் தாண்டிய ஒரு மூட்டை. அதை நான் அழிக்கவில்லை. பட்டறையைப் பூட்டும்போதும் அந்தக் கம்ப்யூட்டரை அமர்த்துவதில்லை. மெயினிலிருந்து அதற்கு மட்டும் தனி லைன் இழுத்துவிட்டேன். உங்களில் யாராவது பழைய டிஸ்க்கிலோ, மூலையில் போட்ட கம்ப்யூட்டரிலோ அதை அழிக்காமல் விட்டிருக்கலாம். முழுதாக வேண்டாம், சில துண்டுகள் போதும். தேடிப் பார்த்துத் திறந்து வையுங்கள். "இப்ப நாம" என்பதற்குப் பிறகு அம்மணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.